பத்துக்குப் பத்து அறையில் எத்தனை நாய்?

எந்தக் காப்பகத்துக்குப் போனாலும் முதலில் ஒரு கூண்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவேன். கூட வருகிறவர்கள் நாற்காலி எடுக்க ஓடுவார்கள். வேண்டாம் என்பேன். நிற்கிறவனுக்குத் தெரியாத மூத்திர நெடி, நாயின் மூக்கு இருக்கிற உயரத்துக்கு இறங்கினால்தான் தெரியும். கண் எரிந்தால் அங்கே இருமுகிற நாய்களும் இருக்கும். அமெரிக்கக் காப்பக மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டியில், அந்த நெடிக்குக் காரணமான அமோனியா காற்றில் பத்து லட்சத்தில் 2 பங்கைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. நான் பார்த்த காப்பகங்களில் அதை அளக்கக் கருவி கிடையாது. என் கண்தான் கருவி.

தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாயைப் பார்த்துவிட்டு, "நல்ல ஷெல்டரா ஒண்ணு சொல்லுங்க டாக்டர்" என்று வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது போன் செய்கிறார்கள். எது நல்ல ஷெல்டர் என்று திருப்பிக் கேட்டால், "நிறைய நாய் வச்சிருப்பாங்களே, அந்த மாதிரி" என்பார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குவது அந்த "நிறைய"தான்.

2025-க்குப் பிறகு இந்தக் கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் தேதி, டெல்லியிலும் சுற்றுப் பகுதிகளிலும் உள்ள தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பதினோரு நாளில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் கண்டதையும், வெறிநோய் என்று சந்தேகப்படுவதையும், மூர்க்கமானதையும் மட்டும் விடக் கூடாது. நவம்பர் 7-ஆம் தேதி இன்னோர் உத்தரவு வந்தது. பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடாமல் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும் என்றது. சரி, மாற்றலாம். மாற்றுகிற இடம் எப்படி இருக்க வேண்டும் என்பது பல சட்டங்களிலும் விதிகளிலும் சிதறிக் கிடக்கிறது. பொறுக்கித்தான் சேர்க்க வேண்டும்.

அடிப்படை, 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். பரதநாட்டியத்தோடு மட்டுமே நாம் சேர்த்து நினைக்கும் ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையில் விடாமல் குரல் கொடுத்ததால் வந்த சட்டம் இது. 1962-ல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவர்தான். வாரியத்தின் தலைமையகம் ஹரியானாவுக்குப் போகும் வரை பல காலம் சென்னையில்தான் இருந்தது.

அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைக் காப்பகம் நடத்துகிற ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும். நியாயமான அளவு அசைய இடம் தராத கூண்டில் அடைப்பது குற்றம். அளவுக்கு மீறிக் குட்டையான, அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவது குற்றம். எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை நடக்க, ஓட விடாமல் இருப்பதும் குற்றம். போதுமான தீனி, தண்ணீர், தங்குமிடம் தராததும் குற்றம். "நாங்க ஓனர் இல்லையே சார், காப்பாத்தி வச்சிருக்கோம்" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். சட்டம் அதற்கும் பதில் வைத்திருக்கிறது: விலங்கு அப்போதைக்கு யார் கையில் இருக்கிறதோ, அவரும் உரிமையாளர்தான்.

தண்டனை என்ன தெரியுமா? முதல் தடவைக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். இன்றைக்கு இரண்டு டீயும் ஒரு வடையும் வாங்கினால் தீர்ந்துவிடும். மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கொல்வது, ஊனமாக்குவது என்றால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு வரும். ஐந்து வருடம் வரை சிறை. ஆனால் இடநெருக்கடியில் மெல்ல நோய்ப்பட்டுச் சாகிற நாய்க்கு அந்தப் பிரிவு கைகொடுத்து நான் பார்த்ததில்லை.

கூண்டு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று 1960 சட்டத்தில் அடிக்கணக்கு இல்லை. "நியாயமான", "போதுமான" என்ற சொற்கள்தான் இருக்கின்றன. வழக்கறிஞர்களுக்கு அவை வசதி, நாய்க்கு வசதியில்லை. ஜெர்மனியின் நாய் பாதுகாப்பு விதியில் கணக்கே போட்டிருக்கிறார்கள். தோள் உயரம் 50 சென்டிமீட்டர் வரை உள்ள நாயைக் கூண்டில் வைத்தால் குறைந்தது 6 சதுர மீட்டர் வேண்டும். கூடச் சேரும் ஒவ்வொரு நாய்க்கும் அதில் பாதி. நம் ஊர்த் தெருநாய் ஏறக்குறைய அந்த உயரம்தான். நம் பத்துக்குப் பத்தடி அறை 9.3 சதுர மீட்டர். ஆக, அந்தக் கணக்கில் இரண்டு நாய்.

செங்கல்பட்டுப் பக்கம் ஓர் அம்மா, தன் வீட்டுக்குப் பின்னாலேயே காப்பகம் நடத்துகிறார். ஆஸ்பெஸ்டாஸ் ஷெட், சிமென்ட் தரை, சரியாக அந்தப் பத்துக்குப் பத்து அறைகள் நான்கு. ஒரு அறையில் பதினாறு நாய் இருந்தன. ஒரே நீளத் தொட்டியில் குருணைச் சோறும் கோழிக் கழுத்தும் கொட்டினார்கள். பலசாலிகள் ஐந்தாறு முன்னால் நின்று தின்றன. மூலையில் ஒரு கறுப்புப் பெட்டை எழுந்திருக்கவே இல்லை. தடவிப் பார்த்தேன்; மயிருக்குள் விலா எலும்பு விரலில் கணக்கு எடுக்கும்படி இருந்தது. "அது சாதுங்க டாக்டர், சண்டையே போடாது" என்றார் அந்த அம்மா, பெருமையாக. அது சாது இல்லை, பட்டினி. பதினாறு நாய்க்குத் தொட்டியில் சோறு போதும்; அதற்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. நகையை அடகு வைத்து அரிசி வாங்குகிறவர். "வாசல்ல கட்டிப்போட்டுட்டுப் போயிடறாங்க டாக்டர். எப்படி வேணாம்னு சொல்றது?" என்று கேட்டார். உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். சுத்தம் செய்யவும் தீனி வைக்கவும் மட்டும் ஒரு விலங்குக்கு நாளுக்கு 15 நிமிடம் என்பது காப்பகத் துறையில் வழக்கமான அளவு. எட்டு மணி நேரம் வேலை செய்கிற ஓர் ஆள் 32 விலங்குகளைப் பார்க்கலாம். அவரிடம் இருந்தது அறுபதுக்கு மேல். வேலைக்கு ஒரு பையன், அவனும் மதியம் வரைதான். இன்னொரு கணக்கும் உண்டு. தினம் ஒரு நாய் வந்து, ஒவ்வொன்றும் 90 நாள் தங்கினால் எப்போதும் 90 நாய் இருக்கும். 30 நாளில் தத்துப் போனால் 30 தான். இடத்தைப் பெரிதாக்குவதைவிட நாட்களைக் குறைப்பது மலிவு. அவர் கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ நான் போட்டோ எடுத்துப் போடறதுதான் முக்கியமா?" என்றார். ஆமாம் என்றேன். கூடவே அந்தக் கறுப்புப் பெட்டைக்குத் தனித் தட்டு.

சட்டத்தில் இன்னும் சில உறுதியான வரிகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்கிறவர்கள்தான் குறைவு. 2001-ல் வந்த விதிகளின்படி மாவட்டத்துக்கு ஒரு வதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும். அதன் காப்பகத்துக்கு அரசு இடம் தர வேண்டும். அங்கே முழு நேரக் கால்நடை மருத்துவரும் ஒரு நிர்வாகியும் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்கிற என்னைப் போன்றவன் அந்தக் கணக்கில் வர மாட்டான். 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, வாரியத்தின் அங்கீகாரச் சான்று இல்லாமல் யாரும் தெருநாய்க்குக் கருத்தடைத் திட்டம் நடத்த முடியாது. வெறிநோய் என்று சந்தேகப்படும் நாயைப் பரிசோதித்து, அதற்கு அதிக வாய்ப்பு என்று தெரிந்தால், தானாக இறக்கும் வரை தனியே வைக்க வேண்டும். அப்படியென்றால் ஒவ்வொரு மையத்திலும் மற்ற நாய்கள் நெருங்க முடியாத ஒரு தனிக் கூண்டு இருந்தாக வேண்டும். காட்டச் சொல்லுங்கள். பழைய தகர டப்பாக்கள் அடுக்கிய அறையைத் திறந்து காட்டினால் புரிந்துகொள்ளலாம்.

2014-ல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது நினைவிருக்கும். ஜல்லிக்கட்டைப் பற்றிய முடிவு பிறகு சட்டத் திருத்தத்தால் மாறியது. 2023-ல் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது. ஆனால் அந்த 2014 தீர்ப்பில் விலங்குகளின் ஐந்து விடுதலைகளை நீதிமன்றம் எடுத்துச் சொன்னது எனக்கு முக்கியம்: பசி தாகத்திலிருந்து, அச்சத்திலிருந்து, உடல் அசௌகரியத்திலிருந்து, வலி, காயம், நோயிலிருந்து விடுதலை, அப்புறம் இயல்பாக நடந்துகொள்ளும் சுதந்திரம். சட்டத்தின் "போதுமான" என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டால் நான் இந்த ஐந்தைத்தான் காட்டுகிறேன்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்த புதிதில், ஒரு காப்பகத்தில் தடுப்பூசி போடப் போவேன். ஒரு நாள் சாக்கில் கட்டி ஒன்பது குட்டிகளைக் கொண்டுவந்து நேராகப் பொதுக் கொட்டடியில் விட்டார்கள். புதிதாக வருவதை இரண்டு வாரம் தனியே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நேரமாகிவிட்டது, "கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க டாக்டர்" என்றார்கள். போட்டுவிட்டுப் போனேன். ஐந்தாவது நாள் ரத்தமும் பேதியுமாகப் பார்வோ என்ற வைரஸ் நோய். ஒன்பதில் இரண்டுதான் பிழைத்தன. அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். சாதாரணக் கிருமிநாசினிக்கு அசையாது. முதலில் மலத்தை வழித்துக் கழுவி, அப்புறம் பிளீச்சிங் கரைசல் ஊற்றி ஊற விட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் காசுக்குத் தண்டம்.

பூனைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நாய் குரைக்கும், நடுவில் பாயும். பூனை ஓரமாக ஒடுங்கிக்கொள்ளும். நாய்க் கொட்டடிக்கு எதிர் வரிசையில், கண்ணுக்கு நேராக, கோழிக் கூண்டில் பூனைகளை வைத்திருந்த இடத்தைப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுத் தட்டும், மலஜலம் கழிக்கிற மணல் தட்டும் ஒட்டி ஒட்டி இருந்தன. நாமே கழிப்பறை வாசலில் இலை போட்டுச் சாப்பிடுவோமா? அமெரிக்க வழிகாட்டி இரண்டுக்கும் நடுவே இரண்டடியாவது கேட்கிறது. பயத்திலேயே பூனைக்குச் சளி திரும்பும். சாப்பிடாமல் இரண்டு மூன்று நாள் கிடந்தால் கல்லீரலே கெட்டுப்போகும். ஒரு பழைய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து உள்ளே வையுங்கள். அதற்குள் நுழைந்துகொண்டால் அன்று மாலையே சாப்பிட ஆரம்பித்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, பினாயில். பூனையின் கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாது. தரையில் நடந்த பாதத்தை நக்கினாலே போதும், உள்ளே போய்விடும். பூனைக் கூண்டுப் பக்கம் பினாயில் வாசனை கமகமவென்று இருந்தால் சுத்தம் என்று பாராட்டாதீர்கள்.

புகார் கொடுக்க வேண்டி வந்தால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, கூண்டு, சங்கிலி, தீனி சம்பந்தப்பட்ட குற்றங்களுக்குப் போலீஸ் தானாக வழக்குப் போட்டுக் கைது செய்ய முடியாது. நீதிமன்ற அனுமதி வேண்டும். ஸ்டேஷனில் போய்க் கத்திப் பயனில்லை. மாவட்ட ஆட்சியருக்கும், மாவட்ட வதைத் தடுப்புச் சங்கத்துக்கும், கால்நடைத் துறை இணை இயக்குநருக்கும், விலங்கு நல வாரியத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். தேதியுடன் படம் எடுத்து வையுங்கள். இரண்டு, இந்தச் சட்டத்தின்படி சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றால் கதவு சாத்திவிடும்.

புகாருக்கு முன்னால் எளிதாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நீங்கள் கொண்டுபோய் விடும் நாய்க்கு நுழைவுப் பதிவேட்டில் ஓர் எண் போடச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவேடே இல்லை என்றால் நாயைத் திரும்பக் கூட்டிவந்து எனக்குப் போன் செய்யுங்கள். நான்கு நாளைக்கு என் கிளினிக் வராந்தாவில் இடம் பார்க்கலாம். பதிவேடு இருந்தால், பத்து நாள் கழித்து அந்த எண்ணைச் சொல்லி, "எப்படி இருக்கு, எந்தக் கூண்டுல இருக்கு?" என்று கேளுங்கள். நன்றாக நடக்கும் இடத்தில் அரை நிமிடத்தில் பதில் வரும்.