கட்டிலை நகர்த்தினால் அறை புதிதாவது எப்படி?

சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் படுக்கையறையில் கட்டிலையும் பீரோவையும் இடம் மாற்றினோம். பத்து ஆண்டுகளாக மேற்குச் சுவரை ஒட்டிக் கிடந்த கட்டில் உட்சுவர்ப் பக்கம் வந்தது. பீரோ மேற்குச் சுவருக்குப் போனது. பீரோ நின்ற இடத்தில் சுவரின் பழைய நீலம் வெளுக்காமல் செவ்வகமாகத் தெரிந்தது. ஒரு பைசா செலவில்லை. அன்றிரவு மின்விசிறி வழக்கமான வேகத்தில்தான் சுழன்றது. ஆனால், நடுவில் விழிக்காமல் தூங்கினேன்.

இதில் முதல் பாதி வெப்பத்தின் கதை. பிற்பகல் முழுவதும் மேற்கு வெயில் சுவரில் நேராக விழுகிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைக் கடந்து அந்தச் சூடு உட்புறம் வந்துசேர ஏறத்தாழ ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். மூன்று மணி வெயில், நாம் படுக்கப் போகும் இரவு பத்து மணி வாக்கில்தான் அறைக்குள் எட்டிப் பார்க்கிறது. கோடையில் அந்த நேரத்தில் மேற்குச் சுவரிலும் உட்சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், வேறுபாடு உடனே தெரியும்.

சூடான சுவர் அகச்சிவப்புக் கதிர்களை வீசுகிறது. அவை காற்றைச் சூடாக்கிக்கொண்டு வருவதில்லை, நேராக நம் உடலுக்கு வருகின்றன. அதனால்தான் மின்விசிறியை எவ்வளவு கூட்டினாலும் அந்த வெக்கை முழுதாகத் தணிவதில்லை. மின்விசிறி முக்கியமாகச் செய்வது வியர்வையை விரைவாக ஆவியாக்குவதுதான். சுவரிலிருந்து விலகிப் படுத்தால் உடலில் விழும் கதிர்கள் குறையும். இடையே துணிகள் அடுக்கிய பீரோ நின்றால் அது திரைபோல் மறைத்துக்கொள்ளும்.

இரண்டாவது பாதி மூளையின் கதை. எனக்கு அதிக வியப்பு தந்ததும் அதுதான். காலையில் கட்டிய கைக்கடிகாரம் கையில் இருப்பதே சிறிது நேரத்தில் மறந்துபோகிறது. மாறாத ஒன்றைத் திரும்பத் திரும்பக் கவனிப்பது வீண் செலவு என்பதால் நரம்பு மண்டலம் அதைத் தள்ளிவைத்துவிடுகிறது. பல ஆண்டுகள் அசையாமல் நின்ற மேசைக்கும் அதே கதிதான். கண்ணில் படும், கருத்தில் படாது.

1971-இல் லண்டனில் ஜான் ஓ'கீஃப், ஜோனதன் டாஸ்ட்ரோவ்ஸ்கி ஆகிய மூளை ஆய்வாளர்கள் இருவரும் எலிகளின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை ஆராய்ந்தார்கள். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் செல்கள் அங்கே இருந்தன. இன்னோர் இடத்துக்கு இன்னொரு செல். அறையின் வரைபடம் மூளைக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு அது கிடைத்த வலுவான சான்று. மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் தம்பதியுடன் ஓ'கீஃப் 2014-இல் நோபல் பரிசு பெற்றார். 1976-இல் அவர் விவரித்த இன்னொரு வகைச் செல்கள்தான் நம் கட்டில் கதைக்கு மிக நெருக்கம். வழக்கமாக இருக்கும் பொருள் இல்லாதபோதோ, இல்லாத இடத்தில் புதிதாக ஒன்று இருக்கும்போதோ அவை உரக்கத் துடித்தன.

பழைய வரைபடம் எளிதில் விட்டுப்போகாது. முதல் இரவு தண்ணீர் குடிக்க இருட்டில் எழுந்தவன், கட்டில் விளிம்பில் முழங்காலை இடித்துக்கொண்டேன். கால்கள் பத்து ஆண்டுப் பாதையிலேயே நடந்திருந்தன. வரைபடம் திருத்தப்படும் அந்த நாட்களில் மூளை ஜன்னல், வெளிச்சம், சுவரின் நிறம் எல்லாவற்றையும் மீண்டும் கவனிக்கிறது. புதுவீட்டுக்கு வந்தது போன்ற உணர்வு அங்கிருந்துதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். வீட்டில் முதியவர்கள் இருந்தால் முதல் சில இரவுகள் ஒரு சிறுவிளக்கு எரியட்டும்.

நகர்த்துவதற்கும் ஒரு கணக்கு உண்டு. பீரோவின் எடை 80 கிலோ, தரையோடு அதன் உராய்வெண் (எடையில் எத்தனை பங்கு விசை தந்தால் பொருள் நகரும் என்று காட்டும் எண்) 0.5 என்றால், அதை அசைக்க 40 கிலோவைத் தூக்கும் அளவு விசை வேண்டும். ஒருவர் மெல்லச் சாய்த்துப் பிடிக்க, மற்றவர் கால்களுக்கு அடியில் பழைய போர்வையை மடித்துச் செருகினால் டைல்ஸ் தரையில் உராய்வு வெகுவாகக் குறையும். நின்ற பொருளைக் கிளப்பத்தான் அதிக விசை வேண்டும். கிளம்பிவிட்டால் நடுவில் நிறுத்தாதீர்கள். உயரத்தில் கைவைத்துத் தள்ளினால் பீரோ நகராமல் கவிழப் பார்க்கும். மேல் தட்டுகளை முதலில் காலி செய்துவிட்டு, இடுப்புக்குக் கீழே கைவைத்துத் தள்ளுங்கள். புதிய இடத்தில் சுவரோடு ஒட்டிவிடாமல் மூன்று அங்குலம் விடுங்கள். வெயில் சூடு நேரே தகட்டில் ஏறாது, மழைக்காலத்தில் சுவரின் ஈரத்தால் துணிகளில் பூஞ்சை வாடையும் வராது.