வெடிக்காமல் வளர்வது எப்படி? பாக்டீரியா உறையின் கதை

நல்ல சத்தும் 37 டிகிரி வெப்பமும் கிடைத்தால் ஈ. கோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் இரட்டித்தால் போதாது, அதை மூடியிருக்கும் உறையும் அதே வேகத்தில் வளர வேண்டும். சிக்கல் அங்கேதான்.

செல்லுக்குள் பலவகை மூலக்கூறுகள் நெருக்கியடித்துக் கிடப்பதால் வெளியே உள்ள தண்ணீர் உள்ளே வரப் பார்க்கும். இதனால் உறை எப்போதும் உள்ளிருந்து அழுத்தப்படுகிறது. சில பாக்டீரியாக்களில் இந்த அழுத்தம் 20 வளிமண்டலம் வரை போகலாம் என்பது மதிப்பீடு. கார் டயரில் நாம் அடிப்பது இரண்டு, இரண்டரைதான். கொழுப்புச் சவ்வு மட்டும் இருந்தால் தாங்காது. தாங்குவது பெப்டிடோகிளைக்கான் என்ற வலை: நீளமான சர்க்கரை இழைகள், அவற்றைக் குறுக்கே பிணைக்கும் குட்டி அமினோ அமிலச் சங்கிலிகள். பிணைப்பு எங்கும் விட்டுப்போகாததால் செல்லைச் சுற்றியுள்ள மொத்த வலையும் ஒரே மூலக்கூறு என்றே சொல்லலாம்.

சரி, ஏற்கெனவே விறைத்து நிற்கும் வலைக்குள் புது இழையை எங்கே நுழைப்பது? பழைய பிணைப்பை அறுத்தால்தான் இடம் கிடைக்கும். ஆனால் கண்டபடி அறுத்தால் செல் வெடித்துவிடும்.

ஈ. கோலையில் இந்த அறுப்பு வேலையைச் செய்யும் மூன்று நொதிகளை ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் மஞ்சுளா ரெட்டி குழு 2012-ல் அடையாளம் கண்டது. ஒன்று இல்லாவிட்டால் மற்றது சமாளித்துக்கொள்ளும். மூன்றும் இல்லாதபோது புது இழை எதுவும் வலையில் சேரவில்லை. அறுக்க ஆளில்லாத செல் பத்திரமாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? அதுவும் சீக்கிரமே வெடித்தது!

அறுப்பது ஒரு பக்கம் நடக்க, இழை கோக்கும் நொதிகள் எம்ஆர்இபி என்ற புரதத்தோடு சேர்ந்து செல்லின் சுற்றளவு நெடுக நகர்கின்றன. 2011-ல் நுண்ணோக்கியில் இந்த நகர்வைப் பார்த்தார்கள். இழை கோக்கும் வேலையே அவற்றை நகர்த்துகிறது. வேலையை நிறுத்தினால் நகர்வும் நின்றுவிடும். இழைகள் குறுக்குவாட்டில் சேர்வதால் செல் பருக்காமல் நீள்கிறது.

அப்படியானால் உள்ளழுத்தம்தான் இந்த வலைச் சுவரைத் தள்ளி வளர்க்கிறதா? ஈ. கோலையில் அப்படித் தெரியவில்லை. சுற்றியுள்ள திரவத்தில் உப்பையோ சர்க்கரையையோ ஏற்றி அழுத்தத்தைக் குறைத்தால் செல் சுருங்கும், ஆனால் சுவர் கட்டும் வேலை கிட்டத்தட்ட அதே வேகத்தில் நடக்கும். பழைய நிலைக்குக் கொண்டுவந்ததும், இடையில் ஒன்றுமே நடக்காததுபோல, அதற்குள் எட்டியிருக்க வேண்டிய நீளத்துக்குச் சட்டென்று போய்விடுகிறது.

ஈ. கோலைக்குச் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வும் உண்டு. அதன் வெளிப்பரப்பில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு (கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த மூலக்கூறு) சுவருக்கு உள்ளே இருக்கும் சவ்வில்தான் தயாராகிறது. வெளிச்சவ்வுப் பக்கம் ஏடிபி, அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு, கிடையாது. ஆகவே ஏழு வகைப் புரதங்கள் சேர்ந்த ஒரு பாலம், செல்லுக்குள் இருக்கும் ஏடிபியைச் செலவழித்து, அந்த மூலக்கூறுகளை வரிசையாக வெளியே தள்ளுகிறது.

பென்சிலின் தடுப்பது குறுக்குப் பிணைப்பு போடும் நொதிகளைத்தான். அறுக்கும் நொதிகளோ வேலையை விடுவதில்லை. வலை பலவீனமாகி, செல் வெடிக்கிறது. வளராமல் சும்மா கிடக்கும் செல்லில் இந்த அறுப்பும் பிணைப்பும் பெரும்பாலும் நடப்பதில்லை. அதனால் அது பென்சிலினுக்குத் தப்பி, மருந்து போனபின் மறுபடி பெருகலாம்.