நீட்டிய வண்டியும் போடிமெட்டு இறக்கமும்

கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு வரும் நீளமான லிமோசின் கார்கள் பெரும்பாலும் கம்பெனியிலிருந்தே அந்த நீளத்தில் வருவதில்லை. ஒரு காரையோ எஸ்.யூ.வி.யையோ நடுவில் அறுத்து, சேசிஸை இரண்டு மூன்று மீட்டர் நீட்டி, வெல்டிங் வைத்து, மேலே பாடி கட்டுகிறார்கள். இரும்பு, கண்ணாடி, சோபா, கூடுதலாக ஏறும் ஆட்கள் என எடை கூடிக்கொண்டே போகும். பிரேக் மட்டும் பழைய எடைக்கு அளந்து வைத்ததாகவே இருந்தால் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப்பிலும் எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டிலும் புதிதாக ஒட்டு விழுகிறது. பக்கவாட்டு மோதலைத் தாங்கக் கதவுக்குள் கம்பெனி வைத்த இரும்புச் சட்டம், நீட்டிய பகுதியில் பல நேரம் இருக்காது.

2018 அக்டோபர் 6 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஸ்கோஹாரி என்ற ஊரில், 2001 மாடல் ஃபோர்டு எக்ஸ்கர்ஷனை நீட்டிச் செய்த ஒரு லிமோசின் நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பாய்ந்தது. உள்ளே இருந்த 18 பேரும், வெளியே நின்றிருந்த 2 பேரும் இறந்தார்கள். முந்தின மாதச் சோதனையிலேயே அந்த வண்டியை ஓட்டக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள்.

நம் நாட்டுச் சட்டம் இதில் கறாராகவே இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே லிமோசின் வாடகைக்குப் பேசும்போது ஒரு டேப்பைக் கையோடு கொண்டுபோங்கள். முன் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து பின் சக்கரத்தின் நடுப்புள்ளி வரை அளந்து, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள வீல்பேஸ் அளவோடு ஒப்பிடுங்கள். அங்கே மில்லிமீட்டரில் போட்டிருக்கும். அரை மீட்டர் கூடுதல் என்றாலே அந்த வண்டி வேண்டாம்.

தேனி, கம்பம், போடிப் பக்கம் லிமோசினைவிட டெம்போ டிராவலர்தான் அதிகம் ஓடுகிறது. மூணாறு, தேக்கடி, சபரிமலை எல்லாவற்றுக்கும் அதுதான். நீட்டாத வண்டியிலும் இதே கோளாறு வேறு வழியில் வருகிறது. கூரைமேல் கேரியர், பெரிய ஸ்பீக்கர், நடைபாதையில் ஸ்டூல் போட்டு நாலைந்து பேர். இதிலேயே 400 கிலோ ஏறிவிடும்.

அந்த எடை இறக்கத்தில் என்ன செய்யும்? மூணாறு சாலையில் மலைமேல் உள்ள போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அடிவாரத்து முந்தலுக்கு வந்தால் ஏறக்குறைய 1000 மீட்டர் இறக்கம். ஆளும் சுமையுமாக 4 டன் உள்ள வண்டி அந்த உயரத்தை இழக்கும்போது 39 மெகாஜூல் ஆற்றல் வெளிப்படும். 130 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்றும் எஞ்சினும் எடுத்துக்கொண்டது போக மிச்சமெல்லாம் பிரேக்கில் சூடாக இறங்குகிறது. 400 கிலோ கூடினால் சூடும் பத்தில் ஒரு பங்கு கூடும்.

சூடு ஏறினால் முதலில் சக்கரத்தை உரசி நிறுத்தும் பிரேக் லைனிங்கின் பிடிப்பு குறையும். எவ்வளவு அழுத்தினாலும் வண்டி இழுத்துக்கொண்டே போகும். அடுத்தது பிரேக் ஆயில். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நாளாக நாளாகக் கொதிநிலை 140 டிகிரி வாக்கில் இறங்கிவிடும். பைப்புக்குள் ஆவிக்குமிழி உண்டானால் பெடல் பஞ்சு மாதிரி தரையைத் தொடும். ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. அது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும், சூட்டைக் குறைக்காது. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவதுதான் வழி. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு எஞ்சினை அணைத்தால் எஞ்சின் பிடிப்பும் போகும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு மிதிக்கும் பலத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டரின் உதவியும் போகும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் வண்டி நிற்கும் இடத்துக்கே போய் டிரைவரிடம் சொல்லிச் சோதிக்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. பிறகு எஞ்சின் ஓடும்போதே அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கட்டும். மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் நல்லது. கரும்பழுப்பு என்றால் மாற்றிப் பல காலம் ஆகியிருக்கும். டயரில் பட்டன் (வரிப்பள்ளம்) ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கக் கூடாது. பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும்: 2221 என்றால் 2021ஆம் ஆண்டின் 22ஆம் வாரத்தில் செய்தது. ஸ்டெப்னியிலும் பாருங்கள்.

சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் போட்ட சோபா சீட்டு உள்ள வண்டியை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். முன்னால் மோதும்போது உடம்பு பக்கவாட்டில் வீசப்படும், கழுத்துக்கு ஆதாரமே இருக்காது. முன்நோக்கிய சீட்டும், ஆளுக்கொரு பெல்ட்டும், உள்ளிருந்தே திறக்கும் கதவும், கண்ணாடி உடைக்கும் சுத்தியலும் இருக்க வேண்டும். விளக்குக்கும் ஸ்பீக்கருக்கும் தனியாக இழுத்த வயரில் ஃப்யூஸ் இல்லையென்றால் தீப்பிடிக்க வாய்ப்புண்டு.

வாடகை வண்டிக்கு மஞ்சள் போர்டு கட்டாயம். வண்டி எண்ணை எம்-பரிவாகன் செயலியில் போட்டால் எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் எதுவரை என்று தெரியும். எட்டு வயது தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும் வாங்க வேண்டும். கேரளத்துக்குப் போகிற பெர்மிட் தனி, அதையும் கேளுங்கள்.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றாமல் வைத்திருக்கிறார்களா என்பதும் முக்கியம். 2022 அக்டோபரில் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில், ஊட்டிக்குச் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகளின் பஸ் அரசு பஸ்ஸின் பின்னால் மோதி 9 பேர் இறந்தார்கள். அதன் கருவியில் கைவைத்திருந்தது பிறகு தெரியவந்தது. மோதியது இரவில். 2025 வரை அமலில் இருந்த 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் டிரைவருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றது. இரவு முழுக்க ஓட்டி, காலையில் மலை ஏறி, சாயங்காலமே திரும்புவது என்று திட்டம் போட்டால் இரண்டு டிரைவர் கேளுங்கள், அல்லது அவர் படுத்துத் தூங்க ஓர் அறையையும் பேட்டாவோடு சேர்த்துப் பேசிவிடுங்கள்.