மாத்திரை கொழுப்பைக் கரைப்பதில்லை

கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் அது உள்ளே போய் என்ன செய்கிறது என்று கேட்டால், 'கொழுப்பைக் கரைக்கிறது' என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. அது எதையும் கரைப்பதில்லை. ரத்தத்தில் திரியும் கொலஸ்ட்ராலை உள்ளே இழுத்துக்கொள்ளக் கல்லீரலில் வாசல்கள் இருக்கின்றன. மாத்திரை அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. இது தெரியாததால்தான், பரிசோதனையில் எண் குறைந்ததும் 'கரைந்துவிட்டது' என்று நம்பிப் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்.

கொலஸ்ட்ரால் விஷம் அல்ல. உடலின் ஒவ்வொரு செல்லும் தன் சவ்வை உறுதியாக வைத்துக்கொள்ள அதை நம்பியிருக்கிறது. பித்த அமிலங்கள், பாலியல் ஹார்மோன்கள், வைட்டமின் டி எல்லாம் அதை ஒட்டியே உருவாகின்றன. தேவையானதில் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. உணவிலிருந்து வருவது குறைவு.

சிக்கல் போக்குவரத்தில்தான். கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது, ரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். அதனால் கல்லீரல் அதைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறது. முதலில் கிளம்பும் பெரிய பொட்டலத்தின் பெயர் விஎல்டிஎல். அதில் ட்ரைகிளிசரைடு என்னும் எரிபொருள் கொழுப்புதான் அதிகம். தசையிலும் கொழுப்புத் திசுவிலும் அந்தச் சரக்கு இறங்க இறங்கப் பொட்டலம் சுருங்குகிறது. கடைசியில் கொலஸ்ட்ரால் மிகுந்து நிற்பதே எல்டிஎல்.

ஒரு எல்டிஎல் உருண்டையை அருகில் வைத்துப் பார்ப்போம். விட்டம் சுமார் 22 நானோமீட்டர்; ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரக்கணக்கில் வரிசையாக நிறுத்தலாம். உள்ளே ஏறக்குறைய 1,500 கொலஸ்ட்ரால் மூலக்கூறுகள், கொழுப்பு அமிலத்தோடு பிணைந்த நிலையில் அடைந்திருக்கின்றன. வெளியே மெல்லிய உறை. அந்த உறையைச் சுற்றி இடுப்புக் கச்சைபோல ஒரே ஒரு புரதம், 4,536 அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அதன் பெயர் அப்போ-பி. பொட்டலத்தைக் கட்டியிருக்கும் கயிறும் அதுதான், போய்ச் சேரவேண்டிய முகவரியும் அதுதான்.

அந்த முகவரியைப் படிப்பது எல்டிஎல் ஏற்பி; முதலில் சொன்ன கல்லீரல் வாசல் இதுதான். கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் இந்தப் புரதம் அப்போ-பியைப் பற்றிக்கொள்கிறது. செல்லின் சவ்வு அங்கே குழிந்து, உருண்டையையும் ஏற்பியையும் சேர்த்து விழுங்குகிறது. உள்ளே அமிலத்தன்மை கூடியதும் ஏற்பி பிடியை விட்டுவிட்டு மேற்பரப்புக்குத் திரும்புகிறது. இப்படிப் போய்வரச் சுமார் 10 நிமிடம் ஆகிறது. ஒரே ஏற்பி தன் ஆயுளில் நூறு தடவைக்கு மேல் இந்தப் பயணத்தைச் செய்யும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் வியப்பு அடங்குவதில்லை.

இதைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களை இந்தத் தேடலில் இறக்கியவர்கள் குழந்தைகள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான ஏற்பி மரபணுவைப் பெற்றுப் பிறந்த அந்தக் குழந்தைகளுக்கு எல்டிஎல் பல மடங்கு ஏறியிருந்தது. சிறு வயதிலேயே மாரடைப்பு வந்தது. வாசல் இல்லாத வீட்டுக்கு வெளியே பொட்டலங்கள் குவிவதைப்போல, எடுப்பார் இல்லாத எல்டிஎல் ரத்தத்திலேயே சுற்றி, தமனிச் சுவருக்குள் புகுந்து தங்கிவிடுகிறது. அங்கே வெள்ளணுக்கள் அதைத் தின்று ஊதிப் படிவாகின்றன.

ஹெச்டிஎல் என்ற இன்னொரு வகைப் பொட்டலம் திசுக்களிலிருந்து கொலஸ்ட்ராலைத் திரும்ப எடுத்து வருவதால் அதை நல்ல கொலஸ்ட்ரால் என்கிறார்கள். ஆனால் மருந்தால் அதன் அளவை உயர்த்திப் பார்த்த பெரிய ஆய்வுகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. பரிசோதனைத் தாளில் முதலில் பார்க்கவேண்டிய எண் எல்டிஎல்தான்.

இனி மாத்திரை. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ, ஆயிரக்கணக்கான பூஞ்சை வகைகளைச் சலித்து, 1973-இல் ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து, ஸ்டாட்டின் என்னும் கொலஸ்ட்ரால் மருந்து வகையில் முதலாவதைப் பிரித்தெடுத்தார். எலிகளுக்குக் கொடுத்தபோது கொலஸ்ட்ரால் குறையவில்லை. அவர் விடவில்லை, முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், குறைந்தது. அந்த விடாப்பிடி இல்லாவிட்டால் இந்த மருந்து ஆய்வகத்திலேயே முடிந்திருக்கும். விற்பனைக்கு வந்த முதல் ஸ்டாட்டின் வேறொன்று: 1987-இல் வந்த லோவாஸ்டாட்டின்.

கொலஸ்ட்ரால் தயாரிப்பில் முக்கியமான ஒரு நொதியை ஸ்டாட்டின் அடைத்துக்கொள்கிறது. கல்லீரல் செல்லுக்குள் கையிருப்பு குறைகிறது. உடனே செல், ஏற்பி செய்யும் மரபணுவை முடுக்கிவிட்டு, ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை அள்ளிக்கொள்கிறது. எசெடிமைப் என்னும் மாத்திரை குடலில் கொலஸ்ட்ராலை உறிஞ்சும் வழியை அடைக்கிறது. அதுவும் கல்லீரலுக்குப் பற்றாக்குறையை உண்டாக்கி, அதே வாசல்களைத்தான் பெருக்குகிறது.

ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் கூடுதலாகச் சுமார் 6 சதவீதமே குறையும். இதற்கு ஒரு காரணம், ஏற்பியைப் பெருக்கும் அதே சமிக்ஞை பிசிஎஸ்கே9 என்ற புரதத்தையும் பெருக்குகிறது. அது ஏற்பியோடு ஒட்டிக்கொண்டு, மேற்பரப்புக்குத் திரும்பவிடாமல் செல்லின் சிதைவறைக்கே அனுப்பிவிடும். பிறவியிலேயே பிசிஎஸ்கே9 குறைந்தவர்களுக்கு எல்டிஎல்லும் குறைவு, மாரடைப்பும் அரிது என்று 2006-இல் தெரியவந்தது. அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஊசி மருந்துகள் 2015-இல் அனுமதி பெற்றன.

மாத்திரையால் சிலருக்குத் தசைவலி வரும். அப்போது மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். தானாக நிறுத்தினால் நடப்பது இதுதான்: நொதி மறுபடி வேலை செய்யும், செல்லின் கையிருப்பு நிறையும், ஏற்பி மரபணு தணியும். இருக்கும் ஏற்பிகள் ஒரு நாள் அளவில் தேய்ந்துபோக, அவற்றின் இடத்துக்குப் புதியவை குறைவாகவே வரும். சில வாரங்களில் எல்டிஎல் பழைய எண்ணுக்கே வந்துவிடும்.