அந்தக் கடைசி வேர்டு கோப்பு எங்கே?

பல்கலைக்கழக நூலகத்தில் திறந்த அணுக்கக் களஞ்சியத்தை, அதாவது எங்கள் ஆய்வாளர்களின் கட்டுரைகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கும் இணையத் தொகுப்பை, கவனித்துக்கொள்வது என் வேலை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது இப்படி ஒரு மின்னஞ்சல் வந்துவிடும்: "கட்டுரையை இணைத்திருக்கிறேன், களஞ்சியத்தில் ஏற்றிவிடுங்கள்." திறந்து பார்த்தால் இரண்டு பத்தியாக அழகாகக் கோத்த பி.டி.எஃப். மேலே ஆய்விதழின் சின்னம், கீழே பதிப்பாளரின் பதிப்புரிமை வரி. நான் எழுதும் பதிலும் ஏறக்குறைய மனப்பாடம்: "இதை ஏற்ற அனுமதி இல்லை. மதிப்பீட்டாளர்கள் கேட்ட திருத்தங்களையெல்லாம் செய்து, ஆய்விதழ் ஏற்றுக்கொண்ட கடைசிக் கோப்பு இருக்கிறதா?" அதன்பிறகு பெரும்பாலும் அமைதிதான்.

ஒரே கட்டுரைக்கு மூன்று உருவங்கள் உண்டு. ஆய்விதழுக்கு முதலில் அனுப்பியது பிரிபிரிண்ட். மதிப்பீட்டாளர்களுக்குப் பதில் எழுதி, வெட்டி, சேர்த்து, கடைசியில் ஆய்விதழின் ஆசிரியர் குழு ஒப்புக்கொண்டது ஏற்கப்பட்ட பிரதி. அதை எடுத்து மொழி பார்த்து, பக்கம் கட்டி, எண் போட்டு வெளியிடுவது பதிப்பாளர் பிரதி. ஆய்வைப் பொறுத்தவரை இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுதான், உடைதான் வேறு. சந்தா வாங்கும் ஆய்விதழ்களில் பெரும்பாலானவை களஞ்சியத்தில் வைக்க அனுமதிப்பது இரண்டாவதை. ஆய்வாளர்கள் பத்திரமாக வைத்திருப்பதோ மூன்றாவதை.

பதிப்புரிமைச் சிக்கலால்தான் கட்டுரைகள் களஞ்சியத்துக்கு வருவதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, கோப்பு தொலைந்துபோவதுதான் முதல் காரணம். பேராசிரியர் ஒருவர் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில், எட்டு ஆண்டுக் கட்டுரைகளை ஒரே வாரத்தில் ஏற்ற வேண்டும் என்று வந்தார். பாதிக்கு மேல் கோப்பு அவரிடம் இல்லை. எழுதிய மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார், அவரோடு அவருடைய மடிக்கணினியும் போய்விட்டது. கிடைத்த ஒரு ஃபோல்டரில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'இதுதான் ஃபைனல்' என்று மூன்று கோப்புகள். எது ஏற்கப்பட்டது என்று அவருக்கே நிச்சயமில்லை.

இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். கட்டுரையைச் சமர்ப்பித்த ஆய்விதழ்த் தளத்தில் பழைய கணக்கைத் திறந்து பாருங்கள். பல தளங்கள் முடிந்துபோன சமர்ப்பிப்புகளையும் கட்டுரையாளரின் பக்கத்தில் விட்டுவைத்திருக்கும். கடைசித் திருத்தத்தை அனுப்பியபோது தளமே கோத்துக் கொடுத்த பி.டி.எஃப். அங்கே கிடைக்கலாம். ஓரத்தில் வரி எண், கடைசியில் தனியாகத் தொங்கும் படங்கள் என்று பார்க்க லட்சணமாக இருக்காது. பரவாயில்லை, நமக்கு வேண்டியது அதுதான். தொடர்பு ஆசிரியராக, அதாவது கட்டுரை எழுதியவர்கள் சார்பில் ஆய்விதழோடு பேசியவராக, இருந்தவரின் கணக்கில்தான் இது இருக்கும் என்பதால், நீங்கள் அவர் இல்லையென்றால் அவரைக் கேளுங்கள். அச்சுக்குமுன் சரிபார்க்கச் சொல்லி வருமே, அந்த புரூஃபை மட்டும் அனுப்பாதீர்கள். அது பதிப்பாளர் கட்டிய பக்கம்.

சரி, கோப்பு கிடைத்துவிட்டது. அனுமதியைப் பார்ப்பது நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரிய வேலை இல்லை. பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு நடத்தும் தேடல் தளம் இருக்கிறது. ஷெர்பா ரோமியோ என்று பல ஆண்டுகள் அறியப்பட்டது, இப்போது ஓப்பன் பாலிசி ஃபைண்டர். ஆய்விதழின் பெயரைக் கொடுத்தால் எந்தப் பிரதியை, எங்கே, எத்தனை மாதம் கழித்துத் திறக்கலாம் என்று காட்டும். அந்த மாதக் கணக்குக்குத்தான் எம்பார்கோ என்று பெயர். 6, 12, சில இடங்களில் 24 மாதம்கூட இருக்கும்.

"அப்படியானால் எம்பார்கோ முடியட்டும், அப்புறம் தருகிறேன்" என்பார்கள். இந்த 'அப்புறம்' வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. எம்பார்கோ தடுப்பது கோப்பைத் திறந்து காட்டுவதை மட்டுமே, ஒப்படைப்பதை அல்ல. இன்றே ஏற்றிவிட்டு, திறக்கும் தேதியை மென்பொருளிடம் சொல்லிவிடலாம். அதுவரை தலைப்பும் சுருக்கமும் எல்லோருக்கும் தெரியும், கோப்பு பூட்டியிருக்கும், அந்தத் தேதியில் தானே திறந்துகொள்ளும். இடைப்பட்ட காலத்தில் யாருக்காவது அவசரமாகத் தேவைப்பட்டால், இப்ரிண்ட்ஸ், டிஸ்பேஸ் போன்ற களஞ்சிய மென்பொருள்களில் 'பிரதி கேட்க' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் வேண்டுகோள் கட்டுரையாளருக்குப் போகும், அவர் சம்மதித்தால் அந்த ஒருவருக்கு மட்டும் கோப்பு போய்ச்சேரும். ஒருகாலத்தில் ஆய்வாளர்கள் கட்டுரையின் தனிப்படியைத் தபாலில் அனுப்பினார்களே, கிட்டத்தட்ட அதே பழக்கம்தான்.

பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் இதில் ஒரு படி மேலே போனது. 2007-இல் ஒப்படைப்பதைக் கட்டாயமாக்கி, ஓர்பி என்ற தங்கள் களஞ்சியத்தில் இருக்கும் கட்டுரைகளைத்தான் பதவி உயர்வுக்குக் கணக்கில் எடுப்போம் என்று சொல்லிவிட்டது. கட்டாயப்படுத்துவது எனக்குப் பிடிக்காது. ஆனால் அங்கே அது வேலை செய்தது என்பதை மறுக்க முடியவில்லை.

சில நாடுகளில் சட்டமே துணைக்கு வருகிறது. ஜெர்மனியில் 2014 முதல், குறைந்தது பாதியாவது பொதுப்பணத்தில் நடந்த ஆய்வு, ஆண்டுக்கு இரண்டு முறையாவது வரும் இதழில் வெளியானால், 12 மாதம் கழித்து ஏற்கப்பட்ட பிரதியை வணிக நோக்கமில்லாமல் பொதுவில் வைக்க ஆசிரியருக்கு உரிமை உண்டு. பதிப்பாளரோடு போட்ட ஒப்பந்தம் வேறு மாதிரி சொன்னாலும் அந்த உரிமை போகாது. பிரான்ஸ் 2016-இல் இதே போன்ற உரிமையை அறிவியலுக்கு 6 மாதம், கலைப்புல, சமூக அறிவியல் துறைகளுக்கு 12 மாதம் என்று வைத்தது. அமெரிக்காவில் என்.ஐ.எச். என்ற அரசு மருத்துவ ஆய்வு அமைப்பின் நிதியில் நடந்த ஆய்வுகளைப் பொதுவில் திறக்க முன்பெல்லாம் 12 மாத அவகாசம் இருந்தது. 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகளுக்கு அதுவும் கிடையாது.

இன்னொரு குழப்பம் பணம். திறந்த அணுக்கம் என்றாலே ஆய்விதழுக்குப் பெரிய தொகை கட்ட வேண்டும் என்று நம்பிக்கொண்டு, "எங்களிடம் நிதி இல்லை" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். திறந்த அணுக்கம் பற்றி 2002-இல் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை சொன்ன இரண்டு வழிகளில் முதலாவதே, ஆசிரியர் தன் கட்டுரையைத் தானே களஞ்சியத்தில் வைப்பதுதான். அதற்கு எங்களிடம் ஒரு காசும் கட்ட வேண்டாம். இயற்பியலாளர்கள் 1991-இல் ஆர்க்சைவ் என்ற பிரிபிரிண்ட் களஞ்சியம் தொடங்கியதிலிருந்து இப்படித்தான் செய்துவருகிறார்கள், அவர்களிடம் நான் எதையும் விளக்க வேண்டியிருந்ததே இல்லை.

"நான் ரிசர்ச்கேட்டில் போட்டிருக்கிறேனே?" என்பார் சிலர். அது ஒரு தனியார் நிறுவனத்தின் தளம். அங்கே ஏறியிருந்த கட்டுரைகளுக்காக எல்சேவியர் பதிப்பகமும் அமெரிக்க வேதியியல் கழகமும் 2017-இல் வழக்கே தொடுத்தன. பல ஆய்விதழ்களின் விதிகளும் பல்கலைக்கழகக் களஞ்சியத்தையும் இப்படிப்பட்ட தளங்களையும் வெவ்வேறாகத்தான் நடத்துகின்றன.

கோப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. அச்சடித்து ஸ்கேன் செய்து அனுப்பாதீர்கள். வெறும் படமாக இருந்தால் தேடுபொறியால் உள்ளே படிக்க முடியாது. கூகுள் ஸ்காலர் 5 எம்.பி.க்கு மேற்பட்ட கோப்பைக் கட்டுரையாக எடுத்துக்கொள்வதில்லை, ஆகவே கனமான படங்களைக் கொஞ்சம் இளைக்க வையுங்கள். வேறொருவரின் படத்தை ஆய்விதழுக்காக மட்டும் அனுமதி வாங்கிப் போட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காப்புரிமைக்கு, அதாவது பேடண்டுக்கு, விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் ஏற்றுவதற்கு முன் வாயைத் திறந்தே ஆக வேண்டும். கட்டுரை பொதுவில் வந்தபிறகு விண்ணப்பித்தால் பல நாடுகளில் வாய்ப்பு போய்விடும்.

மற்றபடி, ஆய்விதழிலிருந்து ஏற்பு மின்னஞ்சல் வருகிற அன்றே அதையும் நீங்கள் கடைசியாக அனுப்பிய கோப்பையும் சேர்த்து எங்களுக்குத் தட்டிவிடுங்கள். ஏற்பு மின்னஞ்சலை ஏன் கேட்கிறோம் என்றால் அதில் தேதி இருக்கிறது. பிரிட்டனில் பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் தரத்தை எடைபோடும் ஆர்.இ.எஃப். 2021 மதிப்பீட்டில், ஏற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றிருந்தது. அச்சேறிய கட்டுரையில் அந்த நாளை எல்லா ஆய்விதழ்களும் போடுவதில்லை.