ஆர்ட் தெரபி: 'கலைச் சிகிச்சை' சரிதானா?

வெள்ளத்திலோ நிலச்சரிவிலோ காட்டுத்தீயிலோ வீட்டை இழந்து முகாமுக்கு வந்தவர்கள், களிமண், கூழாங்கல், சருகு, சுள்ளி என்று கைக்குக் கிடைத்ததை வைத்து எதையாவது செய்வார்கள். இதைச் செய்தியாக்கும்போது 'ஆர்ட் தெரபி' என்று எழுதிவிடுகிறோம். தமிழில் வேண்டுமென்றால் 'கலைச் சிகிச்சை'.

ஆர்ட் தெரபி என்ற பெயரை 1942-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். காசநோய்க்கான மருத்துவ இல்லத்தில் கிடந்தபோது, வரைவது தன்னைத் தேற்றுவதைக் கண்டு மற்ற நோயாளிகளுக்கும் அதைப் பழக்கினார். ஆக, பிறந்தது மருத்துவமனையில்தான். ஆனால் 'தெரபி'க்கு மூலமான 'தெரபெயா' என்ற கிரேக்கச் சொல்லுக்குக் குணமாக்குவதோடு பணிவிடை, பராமரிப்பு என்ற பொருளும் உண்டு. 'சிகிச்சை' என்ற வடமொழிச் சொல்லில் இந்தப் பொருள் விழுந்துவிடுகிறது. நோயும் வைத்தியமும்தான் மிஞ்சுகின்றன.

வீடு போனவரின் துக்கத்தை நோய்க் கணக்கில் சேர்க்கலாமா? ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட நெருக்கடிகால மனநல வழிகாட்டி, உதவியை நான்கு அடுக்காகப் பிரிக்கிறது. அடியில் உணவு, உறைவிடம், பாதுகாப்பு. அடுத்து குடும்பமும் ஊரும் தரும் துணை. அதற்கு மேல் பயிற்சி பெற்ற பணியாளர்களின் கவனிப்பு. சிலருக்கு மட்டும் தேவைப்படும் மனநல மருத்துவம் உச்சியில். மரத்தடியில் பிள்ளைகள் கூடி மண்வீடு கட்டுவதை இரண்டாம் அடுக்கில் வைக்கலாம். அதைச் சிகிச்சை என்றால் பிள்ளைகளை நோயாளிகளாக்கிவிடுகிறோம்.

தமிழில் இதற்கு 'ஆற்றுதல்' இருக்கிறது. சூட்டையும் துயரத்தையும் ஆற்றலாம், புண்ணையும் ஆற்றலாம். 'ஆற்றுப்படுத்தல்' வேறு வேரிலிருந்து வருவது: ஆறு என்றால் வழி, வழியில் செலுத்துவது. கவுன்சலிங்குக்கு இது ஏற்கெனவே வழங்குகிறது. பத்துப்பாட்டின் ஆற்றுப்படைகளில் பாணனும் கூத்தனும் தாங்கள் போய்ப் பரிசில் பெற்ற வழியை, வறுமையில் எதிர்ப்படும் இன்னொரு கலைஞனுக்குச் சொல்வார்கள். அனுபவப்பட்டவர் அடுத்தவருக்கு வழிகாட்டுவது என்ற கருத்து முகாமுக்கு அழகாகப் பொருந்துகிறது.

என் பரிந்துரை இது: முறையாகப் பயின்றவர் நடத்தினால் 'கலைவழி ஆற்றுப்படுத்தல்'. மக்கள் தாமே கூடிச் செய்தால் 'கலைவழி ஆற்றுதல்'. எந்தப் பொருளை வைத்துச் செய்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டுமென்றால் 'இயற்கைப் பொருட்கலை' என்று முன்னே சேர்க்கலாம். கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை.

பொருளைச் சொல்வதிலும் காரணம் உண்டு. இலையும் மண்ணும் காசில்லாமல் கிடைக்கும், கலைத்துவிட்டுத் திரும்பக் கட்டலாம், வரையத் தெரியாதவரும் கை வைக்கலாம். ஆனால் வெள்ளத்தில் வீடிழந்தவருக்கு ஆற்றுவண்டலும், தீயில் இழந்தவருக்குக் கரித்துண்டும் வெறும் பொருளாக இருக்காது. சிலர் அதையேதான் தேடி எடுப்பார்கள், சிலருக்குத் தொடவே முடியாது. எதை எடுப்பது என்பதை அவரவரிடம் விட்டுவிட வேண்டும். ஏன் எடுத்தாய், என்ன நடந்தது என்று துருவக் கூடாது. அப்புறம், வெள்ளம் விட்டுப்போன சேற்றில் சாக்கடையும் கலந்திருக்கும், பிள்ளைகளுக்கு வேறு மண் எடுத்துக் கொடுங்கள்.