டோஸ்: அளவு, வேளை, தவணை

வார்டில் நாள் முழுவதும் காதில் விழும் சொல் ‘டோஸ்’. காலை டோஸ் கொடுத்தாயிற்றா, அடுத்த டோஸ் எத்தனை மணிக்கு, டோஸைக் கூட்டச் சொன்னாரா குறைக்கச் சொன்னாரா என்று ஒவ்வொரு முறையும் அது வேறு பொருளில் வருகிறது. மருந்தைக் கொடுத்துவிட்டுக் குறிப்பேட்டில் எழுத மறந்த மாணவிக்கு மூத்த செவிலியர் விடுவதும் டோஸ்தான். அந்தப் பொருளில் அச்சொல் முழுத் தமிழாகிவிட்டதால் மாற்றுத் தேட வேண்டியதில்லை. மருந்தியல் பாடத்தில் வரும் டோஸுக்குத்தான் தமிழ் வேண்டும். அதற்கு ஒரு சொல் போதாது.

கிரேக்கத்தில் ‘டோசிஸ்’ என்பது கொடுத்தலையும் கொடுக்கப்பட்டதையும் குறித்தது. பிற்கால இலத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்கும், அங்கிருந்து ஆங்கிலத்துக்கும், பின்பு நம் வார்டுகளுக்கும் அது வந்து சேர்ந்தது. ஆக, அதன் வேரில் அளவு என்ற கருத்தே இல்லை. ‘எவ்வளவு’ என்பதற்குக் கிரேக்கத்தில் ‘போசோஸ்’ என்று வேறு சொல் இருக்கிறது. பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவந்த மருந்துப் பெட்டி புதுச்சேரி வீடுகளில் அரிதன்று. அதற்குள் மடித்து வைத்திருக்கும் தாளில், அந்தப் ‘போசோஸ்’ வழிவந்த ‘பொசொலொஜி’ என்ற தலைப்பைத் தேடினால், எவ்வளவு, எத்தனை முறை, எத்தனை நாள் என்ற விவரமெல்லாம் அதன்கீழ் இருக்கும். டோஸின் வேரில் உள்ள கொடுத்தலோ செவிலியருக்கே உரியது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு ‘உழைச்செல்வான்’ என்று அருகிலிருந்து மருந்து கொடுப்பவரையும் நான்காவதாகச் சேர்த்துத் திருக்குறள் எண்ணுவதை மாணவர்கள் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அளவைக் குறிக்கும் பழஞ்சொல் ஒன்று நம்மிடம் இருந்தது. அதைத்தான் இப்போது அட்டையிலிருந்து பிரித்து விழுங்குகிறோம். ‘மாத்திரை’ என்ற வடசொல்லுக்கு அடிப்படைப் பொருள் அளவு. கண்ணிமைக்கும் நேரத்தை, அல்லது கைந்நொடிக்கும் நேரத்தை ஒரு மாத்திரை என்று வகுத்த தொல்காப்பியம், குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று எழுத்தின் ஒலியை அதனால் அளந்தது. ஆயுர்வேத நூல்களில் இன்றும் ‘மாத்ரா’ என்பது ஒரு வேளைக்குரிய மருந்தளவுதான். தமிழிலோ அளந்து உருட்டிய பொருளுக்கே அளவின் பெயர் நிலைத்துவிட, மாத்திரை என்றால் வில்லை என்று ஆயிற்று.

இந்தப் பொருள் மாற்றத்தால் மொழிக்குக் கேடில்லை, வார்டில்தான் கேடு. “ரெண்டு மாத்திரை போட்டேன்” என்று நோயாளி சொல்லும்போது நமக்கு எண்ணிக்கை தெரிகிறதே தவிர அளவு தெரிவதில்லை. பாராசிட்டமால் 500 மி.கி. வில்லையாகவும் 650 மி.கி. வில்லையாகவும் கடையில் கிடைக்கிறது. வயது வந்தவருக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 4 கிராம் என்னும்போது, முதல் வகையில் எட்டு வில்லை அந்த வரம்பைத் தொடும். இரண்டாம் வகையில் எட்டு என்றால் 5.2 கிராம், கல்லீரல் தாங்குமா என்று அஞ்ச வேண்டிய அளவு. குழந்தைகளின் சிரப்பில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 180 மி.கி. தேவை என்று கொள்வோம். 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பானால் 3.6 மி.லி., 120 மி.கி. உள்ளதானால் 7.5 மி.லி., 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தானால் 1.8 மி.லி. ‘அரை மூடி’ என்பது இவற்றில் எந்த மருந்துக்கும் விடையாகாது. எனவே மி.கி. கணக்கில் சொல்வதை ‘மருந்தளவு’ என்றும், அதை ஏந்தி வரும் பொருளை மாத்திரை, சிரப் என்றும் பிரித்தே எழுத வேண்டும்.

இரண்டாவது சொல் ‘வேளை’. கடலூரில் ஒரு குழந்தைகள் வார்டில், தேவனாம்பட்டினத்திலிருந்து பிள்ளையுடன் வந்திருந்த தாயிடம் அமாக்சிசிலின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தின் சிரப் புட்டியை வாங்கிப் பார்த்தேன். இருக்க வேண்டியதைவிட அதிகமாகவே மீதியிருந்தது. “மூணு வேளைன்னுதானே சொன்னாங்க சிஸ்டர், புள்ள மதியம் சாப்பிடவே இல்ல, அதான் குடுக்கல” என்றார். அவர்மீது பிழையில்லை. தமிழில் வேளை என்றால் பொழுது மட்டுமன்று, சாப்பாட்டு நேரமும்கூட. சாப்பாடு இல்லையென்றால் வேளையே இல்லை. அமாக்சிசிலினுக்கோ உணவு ஒரு பொருட்டன்று. அதன் அரைவாழ்வு, அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையும் நேரம், ஏறத்தாழ ஒரு மணிநேரம்தான். இரத்தத்தில் பாக்டீரியாவை அடக்கும் செறிவு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைப் பொறுத்தே அது வேலை செய்கிறது. ஆகவே எட்டு மணிநேர இடைவெளி தவறக்கூடாது. அதே ‘வேளை’ வேறு மருந்துகளுக்குச் சரியாகப் பொருந்தவும் செய்கிறது. கிளிமிபிரைடு எடுக்கும் சர்க்கரை நோயாளி சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்; அவருக்கு வேளையும் சாப்பாடும் ஒன்றாகவே இருக்கட்டும். நோயாளியிடம் ‘மூன்று வேளை’ என்று சொல்லுமுன், அந்த மருந்து உணவைப் பார்க்கிறதா கடிகாரத்தைப் பார்க்கிறதா என்று மாணவர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தடுப்பூசியின் டோஸுக்குக் கொரோனாக் காலத்தில் செய்தித்தாள்கள் ‘தவணை’ என்ற சொல்லைப் பரப்பின. கடன் வாடை அடிக்கிறது என்று சிலர் முகம் சுளித்தாலும், குறித்த கால இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வருவது என்ற பொருளைத் தவணை சரியாகத் தருவதால் அதுவே இருக்கட்டும் என்பேன். மாரடைப்புக்கு முதலில் 300 மி.கி. ஆஸ்பிரினைக் கடித்து மென்று விழுங்கக் கொடுத்துவிட்டுப் பின்பு நாள்தோறும் 75 மி.கி. கொடுப்பதுபோன்ற இடங்களில் முதலாவதைத் ‘தொடக்கப் பேரளவு’ என்றும், அடுத்ததைத் ‘தொடரளவு’ என்றும் எழுதலாம். ‘ஓவர்டோஸ்’ என்பதற்கு ‘மிகையளவு’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது.

அந்தத் தாயின் மருந்து உறையில் 1-1-1 என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘காலை 6, மதியம் 2, இரவு 10, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும்’ என்று எழுதிக் கொடுத்தேன். இரவு பத்து மணிக்குப் பிள்ளை தூங்கிவிடுவானே என்று கேட்டார். எழுப்பிக் கொடுக்கச் சொன்னேன்.